ஸ்வெத்லானா: ஒரு ரஷ்யப் பெயரின் பிறப்பும் பரவலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வெத்லானா பழங்கால ஸ்லாவியப் பெயர் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. குழந்தைப் பெயர்த் தளங்கள் பலவும் அப்படித்தான் எழுதுகின்றன. சில தளங்கள் ஒரு படி மேலே போய், கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்த ஒளித் தேவதையின் பெயர் என்று கதை கட்டுகின்றன. பழைய ரஷ்யாவில் எந்தப் பெண்ணும் இப்பெயரைத் தாங்கியிருந்ததற்குச் சான்று கிடையாது. பெயருக்கு வயது இருநூறு ஆண்டுகளைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எழுத்தில் முதன்முதலாகக் காணக் கிடைப்பது அலெக்சாந்தர் வொஸ்தோகொவ் 1802-இல் எழுதிய ‘ஸ்வெத்லானாவும் ம்ஸ்திஸ்லாவும்’ என்ற கவிதையில்.

வொஸ்தோகொவ் ஸ்லாவிய மொழி ஆய்வின் முன்னோடிகளில் ஒருவர். பால்டிக் கடல் தீவொன்றில் ஜெர்மன் மொழி பேசும் சூழலில் பிறந்தவர். குடும்பப் பெயர் ஓஸ்தெனெக். அதிலிருந்த ‘கிழக்கு’ என்ற பொருளை எடுத்துக்கொண்டு வொஸ்தோகொவ் என்று தன் பெயரையே ரஷ்யமாக்கிக்கொண்டவர். அப்படிப்பட்டவர் தன் கவிதையின் நாயகிக்கும் பழமை மணக்கும் பெயரொன்றை உருவாக்கிக் கொடுத்ததில் வியப்பில்லை. ‘ஸ்வேத்லி’ என்றால் ரஷ்யனில் ஒளி மிகுந்த, வெளிச்சமான என்று பொருள். அதோடு ‘-ஆனா’ என்ற பெண்பால் விகுதி சேர்ந்தது. வேரும் விகுதியும் அசல் ஸ்லாவியச் சரக்கு என்பதால்தான் கேட்பவர் காதில் அது ஆயிரம் ஆண்டுப் பெயர்போல ஒலிக்கிறது.

அப்படியானால் அதைப் பிரபலமாக்கியது யார்?

கவிஞர் வசீலி ஜுகோவ்ஸ்கி. 1808 முதல் 1812 வரை அவர் எழுதி, 1813-இல் அச்சேறிய ‘ஸ்வெத்லானா’ என்ற கதைப்பாடல்தான் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. வொஸ்தோகொவின் கவிதை மட்டும் இருந்திருந்தால் இன்று இப்பெயர் ஆய்வாளர்களின் அடிக்குறிப்பில்தான் கிடந்திருக்கும்.

பாடலின் கதை இது. ஜனவரியில் வரும் திருக்காட்சிப் பெருநாளுக்கு முந்தைய இரவு. இளம்பெண்கள் கூடிக் குறி பார்க்கிறார்கள். காலணியைக் கழற்றி வாசற்கதவுக்கு வெளியே எறிகிறார்கள், எண்ணி வைத்த தானியத்தைக் கோழிக்குப் போடுகிறார்கள், மெழுகை உருக்குகிறார்கள், தண்ணீர்க் கிண்ணத்தில் தங்க மோதிரத்தைப் போடுகிறார்கள். ஓராண்டாகச் செய்தி இல்லாத காதலனை எண்ணி வாடும் ஸ்வெத்லானா, நள்ளிரவில் மெழுகுவர்த்தியோடு கண்ணாடி முன் உட்காருகிறாள். காதலன் வந்து பனிவண்டியில் அழைத்துப்போகிறான். போய்ச் சேருமிடத்தில் சவப்பெட்டி. திடுக்கிட்டு விழித்தால் எல்லாம் கனவு. காலையில் காதலன் உயிரோடு வந்து நிற்கிறான்.

ஜெர்மன் கவிஞர் பியூர்கரின் ‘லெனோரே’தான் இதற்கு மூலம். அதில் இறந்துபோன காதலன் நாயகியைக் கல்லறைக்கே கொண்டுபோய்விடுகிறான். ஜுகோவ்ஸ்கி ரஷ்ய ஊர்வழக்குகளை உள்ளே புகுத்தி முடிவையும் நல்லதாக்கினார். அந்த மாற்றம் இல்லாமல் இப்பெயர் குழந்தைக்கு வைக்கும் பெயராகியிருக்காது என்பது எங்கள் கணிப்பு. சவப்பெட்டியில் கதை முடிகிற பெண்ணின் பெயரை எந்தத் தாய் விரும்புவாள்?

புஷ்கின் ‘யெவ்கேனி ஒனேகின்’ என்ற தன் கவிதை நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தின் முகப்பில் இந்தப் பாடலின் இரண்டு வரிகளை வைத்தார். ஜுகோவ்ஸ்கியும் நண்பர்களும் 1815-இல் தொடங்கிய ‘அர்ஸமாஸ்’ இலக்கியக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஜுகோவ்ஸ்கிக்குக் கிடைத்தது ‘ஸ்வெத்லானா’. ஆக, இப்பெயரால் முதலில் அழைக்கப்பட்டவர்களில் மீசை முளைத்த ஓர் ஆணும் இருக்கிறார்!

பாடல் அவ்வளவு புகழ்பெற்றும் 19-ஆம் நூற்றாண்டில் ஏன் யாரும் குழந்தைக்கு வைக்கவில்லை?

வைக்க விரும்பினாலும் முடியாது. அப்போது பிறப்புப் பதிவேடு தேவாலயத்தின் கையில் இருந்தது. திருமுழுக்குக் கொடுக்கும் பாதிரியார் ஆண்டு முழுவதற்குமான புனிதர் பட்டியலைப் பார்த்து அதிலுள்ள பெயரைத்தான் இடுவார். ஸ்வெத்லானா என்ற பெயரில் புனிதர் யாரும் இல்லாததால் பட்டியலிலும் பெயர் இல்லை. 1900-இல் சில பெற்றோர் இப்பெயரை இட அனுமதி கேட்டு, திருச்சபையின் தலைமை அமைப்பான சினோதுக்கு விண்ணப்பித்தார்கள். பட்டியலில் இல்லை என்ற காரணத்தைச் சொல்லியே சினோது மறுத்துவிட்டது.

மேட்டுக்குடி வீடுகளில் இது செல்லப்பெயராக வழங்கியது. ஏட்டில் வேறு பெயர், வீட்டில் ஸ்வெத்லானா. பழைய கடிதங்களில் ‘ஸ்வெத்லானா’ என்ற அழைப்பைப் பார்த்துவிட்டு அதுதான் அவருடைய இயற்பெயர் என்று முடிவு கட்டினால் ஆவணத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. 1917-க்கு முந்தைய தேவாலயப் பதிவேட்டில் தேடுகிறீர்கள் என்றால், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை வைத்தே தேடுங்கள்.

தேவாலயத்தின் பிடி இல்லாத பொருள்களுக்குத் தடையே இருக்கவில்லை. 1858-இல் பிரான்சின் போர்தோவில் ‘ஸ்வெத்லானா’ என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அதே பெயரில் பின்னர் வந்த க்ரூஸர் 1905 மே மாதம் ஜப்பானுடனான சுஷிமா கடற்போரில் மூழ்கியது. முதல் கப்பலில் இளவரசர் அலெக்சேய் விளாதிவஸ்தோக் துறைமுகத்துக்கு வந்ததன் நினைவாக, 1873-இல் அந்நகரின் முதன்மைத் தெருவுக்கு ‘ஸ்வெத்லான்ஸ்கயா’ என்று பெயர் சூட்டினார்கள். சோவியத் காலத்தில் அது லெனின் தெருவாகி, 1992-இல் பழைய பெயருக்குத் திரும்பியது. உயிருள்ள ஒரு பெண் சட்டப்படி இப்பெயரைப் பெறுவதற்கு முன்பே கப்பலும் தெருவும் பெற்றுவிட்டன.

கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் வரும் ‘ஸ்வெத்லானா’ வால்வு (வெற்றிடக் குழாய்) இதோடு தொடர்புடையதா?

ஆம், அதே பெயர்தான். பீட்டர்ஸ்பர்கில் 1913 வாக்கில் மின்விளக்குத் தயாரிப்பைத் தொடங்கிய ஆலை வைத்துக்கொண்ட வணிகப் பெயர் அது. பின்னாளில் வானொலி வால்வுகளுக்குப் பேர்போனது. ‘இழை விளக்கு’ என்ற பொருள் தரும் ரஷ்யச் சொற்றொடரின் முதலெழுத்துகளைக் கோத்தாலும் ஸ்வெத்லானா வரும். அதனால் பெண்ணின் பெயரே இந்தச் சுருக்கத்திலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. கவிதை விளக்குக்கு நூறாண்டுக்கும் மேல் மூத்தது.

பிறகு எப்போது பெண்களின் பெயரானது?

1917 டிசம்பரில் சோவியத் அரசு பிறப்பு, திருமணப் பதிவுகளைத் தேவாலயத்திடமிருந்து எடுத்து அரசு அலுவலகங்களிடம் கொடுத்தது. ‘ஸாக்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அலுவலகங்கள்தாம் இன்றும் ரஷ்யாவில் பெயர் பதிகின்றன. புனிதர் பட்டியல் என்ற வேலி விழுந்ததும் பெயர்க் காடு தழைத்தது. லெனினைத் திருப்பிப் போட்டு நினேல், விளாதிமிர் லெனினைச் சுருக்கி விளாத்லேன், அக்டோபரிலிருந்து அக்தியாப்ரீனா எனப் பலவும் வந்தன. பெரும்பாலானவை ஒரு தலைமுறையோடு ஓய்ந்தன.

ஸ்வெத்லானா ஓயவில்லை. அதற்குச் சாதகமான பல அம்சங்கள் ஒரே நேரத்தில் கூடியிருந்தன. தேவாலயத்தின் சாயல் இல்லை, எனவே புரட்சிக் குடும்பத்துக்கு ஏற்றது. ஆனால் டிராக்டர் வாடையும் இல்லை, எனவே பாட்டிகளும் முகம் சுளிக்கவில்லை. பள்ளிப் பாடத்தில் படித்த பழக்கமான பெயர். ‘ஒளிமயமான எதிர்காலம்’ என்று கட்சியும், ‘இலீச்சின் விளக்கு’ (இலீச் என்பது லெனினின் தந்தைவழிப் பெயர்) என்று மின்மயமாக்கல் பிரச்சாரமும் வெளிச்சத்தையே பேசிக்கொண்டிருந்த காலம் வேறு.

ஸ்டாலின் மகளால்தான் பரவியதா?

பாதி உண்மை. ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா 1926 பிப்ரவரி 28 அன்று பிறந்தார். புகாரினின் மகளுக்கும் மோலதோவின் மகளுக்கும் இதே பெயர்தான். அதாவது போல்ஷெவிக் தலைவர்களின் வட்டத்தில் ஏற்கெனவே பிடித்திருந்த பெயரை ஸ்டாலினும் இட்டார். அவர் கண்டுபிடித்ததில்லை.

1930-களில் தந்தையோடு மகள் இருக்கும் படங்கள் வெளிவந்தன. 1935-இல் செர்கேய் மிகால்கோவின் ‘ஸ்வெத்லானா’ என்ற கவிதை ‘இஸ்வெஸ்தியா’ நாளிதழில் வந்தது. அடுத்த ஆண்டு அர்காதி கைதாரின் ‘நீலக் கிண்ணம்’ கதையிலும் ஸ்வெத்லானா என்ற சிறுமி வந்தாள். இவையெல்லாம் சேர்ந்து பெயரை வீட்டுக்கு வீடு பழக்கப்படுத்தின. ஆனால் பெயரின் உச்சகட்டம் ஸ்டாலின் இறந்து, அவர் புகழ் சரிந்த பிறகும் தொடர்ந்தது. தலைவர் வழிபாடு மட்டும் காரணமாக இருந்திருந்தால், குருஷேவ் ஸ்டாலினைக் கண்டித்த 1956-க்குப் பிறகு பெயர் சட்டென்று விழுந்திருக்க வேண்டும். அப்படி விழவில்லை.

அந்த ஸ்வெத்லானா இந்தியாவுக்கு வந்தாராமே?

வந்தார். மாஸ்கோவில் தன்னோடு வாழ்ந்த இந்தியக் கம்யூனிஸ்ட் பிரஜேஷ் சிங் 1966-இல் இறந்ததும், அவரது அஸ்தியோடு டிசம்பரில் வந்து, உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலுள்ள காலாகாங்கரில் தங்கினார். இருவரும் திருமணம் செய்துகொள்ள சோவியத் அரசு விட்டிருக்கவில்லை. 1967 மார்ச் 6 அன்று டெல்லி அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து சென்று அடைக்கலம் கேட்டார். பிறகு அமெரிக்காவில் திருமணம் செய்து லானா பீட்டர்ஸ் என்ற பெயரோடு வாழ்ந்து 2011-இல் மறைந்தார். ‘லானா’ என்பது ஸ்வெத்லானாவின் வால்பகுதிதான்.

எந்த ஆண்டுகளில் மிக அதிகம் வைக்கப்பட்டது? இன்றைய நிலை?

1930-களில் ஏறத் தொடங்கி, 1950 முதல் 1970-கள் வரை சோவியத் நகரங்களில் முன்னணிப் பெயர்களில் ஒன்றாக இருந்தது. 1980-களில் இறங்கியது. இன்று பிறக்கும் குழந்தைக்கு அரிதாகவே வைக்கிறார்கள்.

அறிந்த முகங்களின் பிறந்த ஆண்டுகளைப் பார்த்தாலே இந்த வளைவு தெரியும். விண்வெளி வீரர் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா 1948. 1984 ஜூலை 25 அன்று விண்வெளியில் நடந்த முதல் பெண் இவர். நோபல் பரிசு பெற்ற பெலாரஸ் எழுத்தாளர் அலெக்சியேவிச்சும் 1948. அட்லாண்டா ஒலிம்பிக்கில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற மஸ்தெர்கோவா 1968. ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஹோர்கினா, பாலே நடனக்காரர் ஸாகாரவா இருவரும் 1979. டென்னிஸ் வீராங்கனை குஸ்னெத்சோவா 1985. அதற்குப் பிறகு பிறந்தவர்களில் இப்படி வரிசையாகச் சொல்வது கடினம்.

இறங்கியதற்கு முதற்காரணம் மிகுதி. வகுப்புக்கு மூன்று ஸ்வேத்தா (ஸ்வெத்லானாவின் சுருக்கம்) என்றால் அடுத்த தலைமுறை வேறு பெயர் தேடும். இரண்டாவது, 1990-களில் தேவாலயம் மீண்டும் செல்வாக்குப் பெற்றதும் சோபியா, மரியா, அன்னா போன்ற புனிதர் பெயர்கள் மேலே வந்தன. சோவியத் முத்திரை பதிந்த ஸ்வெத்லானா பெரியம்மா வயதுப் பெயராகிவிட்டது.

புள்ளிவிவரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவே?

இரண்டு வெவ்வேறு கணக்குகள் கலந்துபோவதால் வரும் குழப்பம். ‘இன்று ரஷ்யாவில் வாழும் பெண்களில்’ என்று எண்ணினால் ஸ்வெத்லானா மேல்வரிசையில் நிற்கும். நடுத்தர வயதினர், முதியோர் எல்லோரும் அதில் அடங்குவர். ‘இந்த ஆண்டு பிறந்தவர்களில்’ என்று எண்ணினால் காணவே காணாது. பட்டியலைப் பார்க்கும்போது எது எண்ணப்பட்டிருக்கிறது, எந்த நகரம் அல்லது மாகாணம், எந்த ஆண்டு என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். மாஸ்கோ ஸாக்ஸ் அறிவிக்கும் பட்டியல் மாஸ்கோவுக்கு மட்டுந்தான் பொருந்தும். சமூக ஊடகக் கணக்குகளை எண்ணிச் செய்யும் பட்டியல்களை நம்பாதீர்கள். அங்கே ஸ்வெத்லானா, ஸ்வேத்தா, லானா மூன்றும் தனித்தனியாக எண்ணப்படும்.

இப்போது தேவாலயத்தில் இப்பெயரை ஏற்கிறார்களா?

ஏற்கிறார்கள், ஆனால் ஒரு சுற்றுவழியில். திருமுழுக்கின்போது ஸ்வெத்லானாவுக்குப் பெரும்பாலும் ஃபோத்தீனியா என்ற பெயர் வழங்கப்படும். ஒளி என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் கிணற்றடியில் இயேசுவோடு பேசும் சமாரியப் பெண்ணுக்கு மரபு தந்த பெயரும் அதுவே. அவர் நினைவுநாள் ரஷ்யத் திருச்சபையில் ஏப்ரல் 2; பழைய நாட்காட்டியில் மார்ச் 20. பாலஸ்தீனத்தைச் சேர்ந்த மற்றொரு ஃபோத்தீனியாவின் நாள் பிப்ரவரி 26. பெயர்நாள் (ஒருவர் பெயருக்குரிய புனிதரின் நாள்) வாழ்த்துச் சொல்ல நினைப்பவர்கள் இரண்டில் எது என்று கேட்டுக்கொண்டு சொல்வது நல்லது. பிறந்தநாளுக்கு மிக அருகில் வரும் நாளைக் கொள்வது பொது வழக்கம்.

ரஷ்யாவில் ஒரு ஸ்வெத்லானாவை எப்படி அழைக்க வேண்டும்?

மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் நம் மாணவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சிக்கல் இது. ஆசிரியர், மருத்துவர், விடுதிக் காப்பாளர், வயதில் மூத்தவர் எல்லோரையும் பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்த்தே அழைக்க வேண்டும். ‘மேடம்’ என்பது அங்கே ஒட்டாது. குடும்பப் பெயரைச் சொல்லி அழைத்தால் வருகைப் பதிவு எடுப்பதுபோல் இருக்கும்.

தந்தைவழிப் பெயர் அமைவது இப்படி. தந்தை பெயர் மெய்யெழுத்தில் முடிந்தால் ‘-ஒவ்னா’ சேரும்: இவான் என்றால் இவானொவ்னா. நிக்கலாய், செர்கேய், யெவ்கேனி போன்று முடிந்தால் ‘-யெவ்னா’: நிக்கலாயெவ்னா, செர்கேயெவ்னா. சவீத்ஸ்கயாவின் தந்தை மார்ஷல் யெவ்கேனி சவீத்ஸ்கி, ஆகவே அவர் ஸ்வெத்லானா யெவ்கேனியெவ்னா. நிகீத்தா, இல்யா போல ஆகாரத்தில் முடியும் ஆண்பெயர்கள் தனி ரகம்: நிகீதிச்னா, இலியினிச்னா. நீங்களாகக் கட்டாமல், அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதை அல்லது அறைக் கதவில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தந்தை சவீத்ஸ்கி, மகள் சவீத்ஸ்கயா என்று குடும்பப் பெயரும் பால் மாறும். அலெக்சியேவிச் போன்றவை மாறா.

நண்பர்களுக்குள் ‘ஸ்வேத்தா’. எதிரே இருப்பவரைக் கூப்பிடும்போது கடைசி உயிரை விழுங்கி ‘ஸ்வேத்’ என்பார்கள். கொஞ்சலாக ஸ்வேத்தச்கா, ஸ்வேத்திக். ‘ஸ்வேத்கா’ மட்டும் எச்சரிக்கை: நெருங்கிய தோழி சொன்னால் உரிமை, மற்றவர் சொன்னால் மரியாதைக் குறைவு.

ஸ்வேதா என்ற நம் ஊர்ப் பெயருக்கும் இதற்கும் உறவு உண்டா?

தூரத்து உறவு உண்டு. சமஸ்கிருதத்தில் வெண்மையைக் குறிக்கும் ‘ஷ்வேத’வும், ரஷ்யனில் ஒளியைக் குறிக்கும் ‘ஸ்வேத்’தும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் வாங்கப்படவில்லை. எனவே ‘ஸ்வெத்லானா இந்தியப் பெயர்’ என்று சுற்றும் செய்தியை முன்னனுப்ப வேண்டாம்.

ஆண்பால் வடிவம்?

ரஷ்யாவில் நடைமுறையில் இல்லை. பல்கேரியாவில் ஸ்வெத்லான் என்ற ஆண்பெயர் உண்டு.

தமிழில் ஸ்வெட்லானாவா, ஸ்வெத்லானாவா?

ஸ்வெத்லானா. ரஷ்ய ஒலி பல்லில் நா படும் ‘த்’. ‘ட்’ ஆங்கிலத்தின் வழியே வந்தது. அழுத்தம் ‘லா’வில் விழுவதால் முதல் உயிர் தேய்ந்து, ரஷ்யர் வாயில் ஏறக்குறைய ‘ஸ்வித்லானா’ என்றே கேட்கும். அதற்காக எழுத்தை மாற்ற வேண்டாம். ஏனெனில் ஸ்வித்லானா என்பது உக்ரைன் வடிவம். பெலாரஸ் வடிவம் ஸ்வியத்லானா. ஒரே ஆளை மூன்று மொழிப் பத்திரிகைகள் மூன்று விதமாக எழுதுவது இதனால்தான். உக்ரைன்காரரைக் குறிப்பிடும்போது அவர் விரும்பும் வடிவத்தையே எழுதுவது இன்றைய சூழலில் மரியாதை.

குழந்தைக்கு வைக்கலாமா?

தாராளமாக. தமிழ்நாட்டுக்கு ரஷ்யப் பெயர்கள் புதிதல்ல. லெனின்களும் ஸ்டாலின்களும் ஊருக்கு ஊர் உண்டு. மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. கருணாநிதி மகனுக்குப் பெயரிட்ட கதை ஊரறிந்தது. மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியே வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்து வளர்ந்த வீடுகளில் ரஷ்யப் பெண்பெயர்களும் அந்நியமில்லை.

கவனிக்க வேண்டியவை எழுத்துக்கூட்டலில்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் எட்டு எழுத்து வடிவத்தையே (Svetlana) எடுத்துக்கொள்ளுங்கள். ராசிக்காக இடையில் ஓர் எழுத்தைக் கூட்டினால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், மாற்றுச் சான்றிதழ் நான்கிலும் அதே பிழை அச்சுப் பிசகாமல் வர வேண்டும், வராது. தமிழில் முதல் மெய்க்கூட்டம் வாயில் நிற்காமல் ‘சுவெத்லானா’ என்று பாட்டி அழைப்பார். வகுப்பில் ‘ஸ்வேதா’ என்று சுருக்கிவிடுவார்கள், பெயர்ப்பட்டியலில் இன்னொரு ஸ்வேதா இருந்தால் விடைத்தாள் மாறும். வீட்டுப் பெயராக ‘லானா’வை முதலிலிருந்தே பழக்கிவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.